கண்ணும் மூக்கும் சாட்சிகள், தீர்ப்பு யாருடையது?



மூன்றாம் படிவ அறிவியல் பாடநூலைத் திறந்தால் முதல் அத்தியாயமே தூண்டலும் துலங்கலும்தான். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் எனப் புலனுறுப்புகளின் படங்களை வரைந்து பாகங்களைக் குறிக்கிறீர்கள். விழித்திரை எங்கே, செவிப்பறை எங்கே என்று கேட்டால் மளமளவென்று பதில் வருகிறது. ஆனால், அந்த அத்தியாயத்துக்கு அடியில் ஒரு பெரிய கேள்வி கிடக்கிறது. தேர்வுத் தாளில் வராது என்பதால் அதை யாரும் கேட்பதில்லை. இந்த ஐம்புலன்களும் வெளியுலகை உள்ளது உள்ளபடியே நமக்குக் காட்டுகின்றனவா?

வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டால் உடனே இரண்டு கட்சி பிரியும். ஒரு கட்சி, "நானே என் கண்ணால் பார்த்தேன் சார், அதற்கு மேல் என்ன வேண்டும்?" என்கிறது. இன்னொரு கட்சி, "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்" என்ற பழமொழியை எடுத்து வீசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறது. இந்த இரண்டாம் கட்சிக்காரர்கள் பழமொழியைப் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். "தீர விசாரிப்பதே மெய்" என்ற கடைசிப் பகுதி அவர்களுக்குத் தேவைப்படுவதில்லை. விசாரிப்பதற்கு உழைக்க வேண்டுமே!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் புலன்கள் சாட்சிகள். ஒரு சாட்சி தான் நின்ற இடத்திலிருந்து, தனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறார். சில வேளை தவறாகவும் சொல்கிறார். அதற்காகச் சாட்சியே வேண்டாம் என்று எந்த நீதிமன்றமும் சொல்வதில்லை; ஒரே ஒரு சாட்சியின் வார்த்தையைக் கேட்டுவிட்டு உடனே தீர்ப்பு எழுதுவதும் இல்லை. வெளியுலகைப் பற்றிய அறிவும் அப்படித்தான் உருவாகிறது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு நம் மாவட்டத்து ஆற்றங்கரையிலேயே இருக்கிறது.

ஆற்றங்கரை மின்மினியும் அமெரிக்கரின் இமையும்

பத்தாங் காலி ஆறு கீழே போய்ச் சிலாங்கூர் ஆற்றில் கலக்கிறது. சிலாங்கூர் ஆறு, பழைய பத்தாங் பெர்ஜுந்தையான பெஸ்தாரி ஜெயாவைக் கடந்து கோல சிலாங்கூரில் கடலைச் சேர்கிறது. கடலுக்குச் சற்று முன்னால், கம்போங் குவாந்தானில், கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் கூட்டமாகத் தங்குகின்றன. இருட்டியதும் ஆண் மின்மினிகள் ஒரே தாளத்தில் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை மின்னுகின்றன. ஆயிரக்கணக்கான பூச்சிகள், ஆனால், மரம் முழுவதையும் ஒரே சுவிட்சில் போட்டு அணைப்பது போல் இருக்கும். உங்களில் பலர் படகில் போய்ப் பார்த்திருப்பீர்கள்.

தென்கிழக்கு ஆசிய ஆற்றங்கரை மக்களுக்கு இது புதிதே அல்ல. 1690-ஆம் ஆண்டு சயாமுக்குச் சென்ற எங்கல்பர்ட் கெம்ப்ஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் அங்குள்ள ஆற்றோரத்தில் இதைக் கண்டு எழுதி வைத்தார். பின்னால் வந்த பயணிகள் பலரும் அதையே சொன்னார்கள். ஆனால், மேற்கத்திய அறிவியலாளர் பலரால் இதை நம்ப முடியவில்லை. பூச்சிகளுக்குள் பாட்டு வாத்தியார் யாரும் இல்லாமல் எப்படித் தாளம் ஒத்துப்போகும்?

1917-ஆம் ஆண்டு, 'சயன்ஸ்' என்ற புகழ்பெற்ற அமெரிக்க ஆய்விதழில் பிலிப் லாரன்ட் என்பவர் இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் தாமும் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததாக, அல்லது பார்த்ததாக நினைத்ததாக, அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், பூச்சிகள் அப்படி நடந்துகொள்வது இயற்கை விதிகளுக்கே முரண் என்று அவருக்குத் தோன்றியது. ஆகவே, தம் கண்ணிமைகள் துடித்ததால்தான் எல்லா மின்மினிகளும் ஒன்றாக மின்னுவது போல் தெரிந்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். தாளம் மரத்தில் இல்லை, தம் இமையில் இருந்தது என்பது அவர் தீர்ப்பு.

சிரிக்காதீர்கள். அவர் கேட்டது நியாயமான கேள்வி. "நான் காண்பது வெளியே இருக்கிறதா, என் கண்ணில் இருக்கிறதா?" என்று கேட்காதவர் அறிவியல் செய்ய முடியாது. கோளாறு அதற்கு அடுத்த படியில் இருந்தது. விளக்கம் ஒன்று கிடைத்ததும் அதைச் சோதிக்காமல் நின்றுவிட்டார். சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொருவரை நிற்க வைத்து, "உனக்கும் அப்படித்தான் தெரிகிறதா?" என்று கேட்டிருந்தால் போதும். ஒருவர் இமை துடிக்கலாம். இரண்டு பேர் இமையும் ஒரே தாளத்தில் துடிக்குமா?

விவாதம் பல ஆண்டுகள் நீண்டது. சயாம் அரசுக்கு மீன்வள ஆலோசகராக இருந்த ஹக் ஸ்மித் என்ற அமெரிக்கர், அங்கேயே ஆண்டுக்கணக்கில் தங்கி, ஆற்றோர மரங்களில் இரவுக்கு இரவு தாம் கண்டதை 1935-இல் அதே ஆய்விதழில் எழுதினார். 1960-களின் நடுவில் ஜான் பக், எலிசபெத் பக் தம்பதியர் தாய்லாந்துக்கு வந்தார்கள். மின்மினிகளின் ஒளியைப் படச்சுருளிலும் ஒளிமானியிலும் பதிவு செய்தார்கள். படச்சுருளுக்கு இமை கிடையாது!

அவர்கள் செய்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மின்மினிகளைப் பிடித்துக்கொண்டு போய் பாங்காக்கில் தாங்கள் தங்கியிருந்த விடுதி அறையை இருட்டாக்கி, உள்ளே பறக்கவிட்டார்கள். முதலில் ஒவ்வொன்றும் தன் போக்கில் மின்னியது. சிறிது நேரத்தில் இரண்டு பூச்சிகள் ஒத்துப்போயின, பிறகு மூன்று, இப்படி அறை முழுவதும் தாளம் பரவியது. ஒரு மின்மினி பக்கத்து மின்மினியின் ஒளியைக் கண்டு தன் தாளத்தை மாற்றிக்கொள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று. மனிதன் பார்க்கிறானா இல்லையா என்பது பூச்சிக்குப் பொருட்டே அல்ல. ஆகவே, தாளம் நம் கண்ணில் இல்லை, உலகில்தான் இருக்கிறது.

கதையின் வால் பகுதி இன்னும் சுவையானது. இத்தகைய மின்மினிகள் அமெரிக்காவில் இல்லை என்றே பலரும் எண்ணியிருந்தார்கள். டென்னசி மாநிலத்தின் மலைக் குடில் ஒன்றில் சிறு வயது முதலே அவற்றைப் பார்த்து வந்த லின் ஃபாஸ்ட் என்ற பெண்மணி, 1990-களில் ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், அவர் சொன்னது உண்மை என்று கண்டார்கள்.

தோட்டத்திலும் கம்பத்திலும் ஆற்றங்கரையிலும் வாழும் பிள்ளைகளுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. புத்தகத்தில் இல்லை என்பதற்காக, உங்கள் கண்ணில் பட்டதை நீங்களே தள்ளிவிடாதீர்கள். ஆனால், கண்ணில் பட்டுவிட்டது என்பதற்காக அங்கேயே நின்றுவிடவும் வேண்டாம்.

கண்ணுக்குப் பின்னால் நடப்பது

சாட்சியை ஏன் சந்தேகிக்க வேண்டும் என்று கேட்கலாம். சாட்சி எப்படி வேலை செய்கிறார் என்று பார்த்தால் காரணம் விளங்கும். ஒளி விழித்திரையோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் மூளைக்குப் போவது நரம்பு வழிச் செல்லும் மின் துடிப்புகள் மட்டுமே. மண்டை ஓட்டுக்குள் கும்மிருட்டு. அந்த இருட்டில் உட்கார்ந்துகொண்டு, வரும் துடிப்புகளை வைத்து மூளை வெளியுலகின் படத்தைக் கட்டுகிறது. கட்டும்போது இல்லாததையும் சேர்க்கிறது.

நம்ப முடியவில்லையா? இப்போதே ஒரு தாளை எடுங்கள். இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி. அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். சுமார் 30 சென்டிமீட்டர் தூரத்தில் கரும்புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை. அதுவே குருட்டுப் புள்ளி. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சைச் சேர்ந்த எட்மே மரியட் இதைக் கண்டுபிடித்தார்.

இப்போது கூட்டல் குறியின் மட்டத்திலேயே, கரும்புள்ளியின் ஊடாக ஒரு நீண்ட கோடு போட்டு, மறுபடியும் செய்யுங்கள். புள்ளி மறையும், ஆனால், கோடு அறுபடாமல் தொடர்வது போலத் தெரியும். அந்த இடத்திலிருந்து கண்ணுக்கு எந்தத் தகவலும் வரவில்லை. மூளை அக்கம்பக்கத்தைப் பார்த்து, "இங்கேயும் கோடுதான் இருக்கும்" என்று நிரப்பிவிட்டது. இந்த ஓட்டை பிறந்த நாள் முதல் உங்கள் இரண்டு கண்ணிலும் இருக்கிறது. இன்று வரை அதைக் கவனித்தீர்களா?

இன்னொன்று. நம் நாட்டு மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று அலைகிறது. அதனால் பழைய வகைக் குழல் விளக்கின் ஒளி வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. நமக்கோ அது ஆடாமல் அசையாமல் எரிவதாகவே தெரிகிறது. கைப்பேசியில் மெதுவோட்டக் காணொலி எடுத்துப் பாருங்கள். விளக்கு படபடப்பது தெரியும். மின்மினியின் மூன்று துடிப்பைக் கண் பிடித்துவிடுகிறது. விளக்கின் நூறு துடிப்பை விட்டுவிடுகிறது. ஒரே சாட்சி ஒரு விஷயத்தில் நம்பகமானவராகவும் இன்னொன்றில் ஒன்றும் தெரியாதவராகவும் இருக்க முடியும். எதில் நம்பலாம் என்று தெரிந்துகொள்வதே அறிவு.

தோலின் கதையும் இதுவே. காலையில் எவர்சில்வர் டம்ளரையும் மர மேசையையும் தொட்டால் டம்ளர் குளிர்ச்சியாக இருக்கும். இரவு முழுவதும் ஒரே அறையில் கிடந்தவை. வெப்பமானி வைத்தால் இரண்டும் ஒரே வெப்பநிலை. உலோகம் கையிலிருந்து வெப்பத்தை வேகமாக இழுக்கிறது. மரம் மெதுவாக இழுக்கிறது. தோல் பெரும்பாலும் உணர்வது அந்த இழுப்பின் வேகத்தை. நாமோ அதைப் பொருளின் குளிர்ச்சி என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். ஒரு கையைச் சுடுநீரிலும் மறு கையை ஐஸ் நீரிலும் சற்று நேரம் வைத்துவிட்டு, இரண்டையும் வெதுவெதுப்பான நீரில் விடுங்கள் என்று ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதினார். ஒரே பாத்திரத்து நீர் ஒரு கைக்குக் குளிர்ந்திருக்கும். மறு கைக்குச் சுடும். நீருக்கு இரண்டு வெப்பநிலை இருக்க முடியாதல்லவா?

மூளையில் ஒரு பிழையும் இல்லாதபோதும் காட்சி நம்மை ஏமாற்றும். கோல சிலாங்கூர் புக்கிட் மெலாவத்தியில் நின்று சூரியன் மறைவதைப் பார்க்கிறீர்கள். சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொடுவது போல் தெரியும் அந்தக் கணத்தில், வடிவியல் கணக்குப்படி சூரியன் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. காற்று மண்டலம் அதன் ஒளியை வளைத்து, ஏறத்தாழ சூரியனின் விட்டம் அளவுக்கு அதைத் தூக்கிக் காட்டுகிறது. அதுவும் எட்டு நிமிடத்துக்கும் மேலாகப் பயணம் செய்து வந்த பழைய ஒளி. இந்த இடத்தில் கண்ணைக் குறை சொல்ல முடியாது. அது தனக்கு வந்த ஒளியைச் சரியாகவே பதிந்தது. நாம்தான் ஒளி வந்த வழியை விசாரிக்கவில்லை.

மூக்கு சொன்னால் ஊரே நிற்கும்

இதெல்லாம் தத்துவ விளையாட்டு, வாழ்க்கைக்கு என்ன பயன் என்று நினைக்க வேண்டாம். மூக்கை எடுத்துக்கொள்வோம்.

2020 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், ரவாங் வட்டாரத்தில் ஆற்றில் கலந்த கழிவின் வாடையால், சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் நான்கு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு நீர் நின்றது. வாளியும் கையுமாக நீர் லோரிக்குக் காத்திருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

வாடையை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? மனித மூக்கால்தான். செய்திகளில் 'டி.ஓ.என்.' என்று ஓர் அளவு வந்ததே, அதன் பின்னால் இருப்பது இதுதான். ஆற்று நீரின் மாதிரியை வாடையற்ற நீரோடு கலந்து, படிப்படியாக நீர்த்துப்போகச் செய்கிறார்கள். வாடை கடைசியாக எந்தக் கலவையில் மூக்குக்குத் தட்டுப்படுகிறது என்று பார்க்கிறார்கள். 50 மில்லிலிட்டர் மாதிரியை 200 மில்லிலிட்டராக்கிய பிறகும் வாடை சற்றே தெரிந்து, அதற்கு மேல் நீர்த்தால் தெரியவில்லை என்றால் அளவு 4.

இதில் கவனிக்க வேண்டியது முறை. முகர்பவர் ஒருவரோடு நிறுத்துவதில்லை. ஒரு குழுவே முகர்கிறது. எந்தக் குடுவையில் மாதிரி, எதில் வெறும் நீர் என்று முகர்பவருக்குச் சொல்வதில்லை. அதாவது, புலனை நம்புகிறார்கள். ஆனால், கடிவாளம் போட்டு நம்புகிறார்கள். மழை பெய்ததும் எழும் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற பொருளை, ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். இவ்வளவு கூர்மையான சாட்சியை 'எல்லாம் மாயை' என்று வீட்டுக்கு அனுப்புவது அறிவாகுமா?

அதே மூக்கு சில இடங்களில் உயிருக்கே உலை வைக்கும். சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடை கிடையாது என்றே சொல்லலாம். தோம்பிலிருந்து கசியும்போது நாம் முகரும் நாற்றம், நம்மை எச்சரிப்பதற்காகவே கலக்கப்படும் கந்தகச் சேர்மத்தின் நாற்றம். இந்த வழக்கம் பரவியதற்கு ஒரு துயரம் காரணமாக இருந்தது. 1937 மார்ச் 18-ஆம் நாள், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், தரைக்கு அடியில் கசிந்து தேங்கியிருந்த இயற்கை எரிவாயு வெடித்தது. மாணவர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் 300 பேர் இறந்தார்கள். ஒருவர் மூக்கிலும் எதுவும் படவில்லை. அதன் பிறகே எரிவாயுவில் வாடை சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது.

இங்கே செம்பனைத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகள் இதைக் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணெய் ஆலைக் கழிவுநீர்க் குளங்களில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகிறது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை வாடையாக மூக்கு அதைப் பிடித்துவிடும். ஆனால், அளவு ஏறி 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகிறது. வாடை நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று பொருளல்ல. அது ஆளைக் கொல்லும் அளவுக்கு ஏறியிருக்கலாம். "நாற்றம் எதுவும் இல்லை, இறங்கலாம்" என்று மூடிய தொட்டிக்குள் இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று இப்போது புரியும். அங்கே வாயுமானி என்ற இரண்டாவது சாட்சி சொல்லும் வரை கால் வைக்கக் கூடாது.

அப்படியானால் உலகை அறியவே முடியாதா?

ஒரு கெட்டிக்கார மாணவர் இங்கே குறுக்கிடுவார். "சார், கண்ணைச் சரிபார்க்க வெப்பமானியும் ஒளிமானியும் வைக்கிறீர்கள். அந்த முள்ளையும் எண்ணையும் மறுபடி கண்ணால்தானே படிக்கிறீர்கள்? புலனை விட்டு வெளியே எங்கே போனீர்கள்?"

வலுவான கேள்வி. தத்துவ அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வியும்கூட. என் பதில் இது: புலனை விட்டு வெளியே போக முடியாது; போக வேண்டிய தேவையும் இல்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சாட்சிகள் தனித்தனியே ஒரே செய்தியைச் சொன்னால், அந்தச் செய்திக்கு வெளியே ஒரு காரணம் இருந்தாக வேண்டும். கம்போங் குவாந்தான் படகில் இருக்கும் பத்துப் பேரும், படச்சுருளும், ஒளிமானியும், பக்கத்துக் கிளையில் இருக்கும் மின்மினியும் கூடிப் பேசிச் சதி செய்ய முடியாது. ஒவ்வொன்றின் பலவீனமும் வெவ்வேறு வகை. கண் தவறும் இடத்தில் ஒளிமானி தவறாது; ஒளிமானி பழுதானால் படச்சுருள் காட்டிக்கொடுக்கும்.

வேதியியலில் அணுக் கொள்கைக்காக நீங்கள் படிக்கும் ஜான் டால்டனைப் பாருங்கள். ஒரு பூ பகலில் தமக்கு நீலமாகத் தெரிவதையும், மற்றவர்கள் அதை இளஞ்சிவப்பு என்பதையும் அவர் கவனித்தார். அவருடைய சகோதரருக்கும் தம்மைப் போலவே தெரிந்தது. மற்றவர் கண்ணோடு ஒப்பிட்டதால்தான் தம் கண் வேறு மாதிரி என்பது அவருக்கே தெரியவந்தது. 1794-இல் அதைக் கட்டுரையாக வாசித்தார். தம் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீல நிறமாக இருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். தாம் இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னார். 1844-இல் அவர் மறைந்ததும் மருத்துவர் பார்த்தார். திரவம் தெளிவாகவே இருந்தது. ஊகம் தோற்றது. பாதுகாத்து வைக்கப்பட்ட அதே கண்ணின் மரபணுவை 1995-இல் ஆராய்ந்தபோது, பச்சை ஒளிக்குரிய நிறமி அவருக்கு இல்லை என்று தெரிந்தது. தம் கண்ணையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, விசாரணையைச் சாவுக்குப் பின்னும் தொடர வைத்த மனிதர் அவர்!

இது மேற்கத்தியர் மட்டுமே யோசித்தது என்று எண்ண வேண்டாம். மணிமேகலைக் காப்பியம் அறிவைப் பெறும் வழிகளான அளவைகளை வரிசைப்படுத்தும்போது காண்டலுக்கு முதலிடம் தருகிறது. கூடவே அளவைகளில் நேரும் பிழைகளையும் பட்டியலிடுகிறது. பளபளக்கும் கிளிஞ்சலைப் பார்த்து வெள்ளி என்று நினைப்பது அதில் ஒன்று; அதற்குத் 'திரியக் கோடல்' என்று பெயர். தொல்காப்பியமும் ஐம்புலன் அறிவோடு மனத்தை ஆறாவதாக வைக்கிறது. காண்பது ஒன்று, கண்டதை எடைபோடுவது இன்னொன்று என்று நம் முன்னோர் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

உங்களிடம் நான் கேட்பது

இப்போது நம் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு வருவோம். நீர் கொதிக்கும் வெப்பநிலையை அளக்கச் சொன்னால், வெப்பமானி 98 அல்லது 99 பாகை காட்டும். சில மாணவர்கள் பக்கத்து மேசையைப் பார்த்துவிட்டு, அறிக்கையில் 100 என்று எழுதுகிறார்கள். "புத்தகத்தில் 100 என்றுதானே இருக்கிறது!" பிலிப் லாரன்ட் செய்ததும் இதேதான். இயற்கை விதி இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு, கண் சொன்னதை அழித்துவிட்டார். வெப்பமானி பிழையாக இருக்கலாம்; நீர் தூய்மையாக இல்லாமல் இருக்கலாம்; காற்றழுத்தம் குறைந்திருக்கலாம். பத்தாங் காலியிலிருந்து மலைச் சாலையில் ஏறி, சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் கெந்திங் மலையில் நீரைக் கொதிக்க வைத்தால் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். உங்கள் 98-ஐ அழித்தால் இந்தக் கேள்விகள் எல்லாமே அதோடு அழிந்துவிடும்.

புலனத்தில் வரும் காணொலிகளுக்கும் இது பொருந்தும். "காணொலியே இருக்கிறது, இன்னும் என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார்கள். காணொலியும் ஒரு சாட்சிதான். யார் எடுத்தது, எங்கிருந்து எடுத்தது, முன்னும் பின்னும் என்ன வெட்டப்பட்டது என்று விசாரிக்காமல் பகிர்ந்தால், ஓர் அப்பாவியின் பெயர் ஒரே இரவில் கெட்டுவிடும்.

ஆகவே, மூன்று பழக்கங்களை வளர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, கண்டதைக் கண்டபடி எழுதுங்கள்; விளக்கம் பிறகு வரட்டும். இரண்டாவது, முதல் சாட்சியோடு தொடர்பில்லாத இன்னொரு சாட்சியைத் தேடுங்கள்; அது நண்பராகவோ கருவியாகவோ வேறொரு புலனாகவோ இருக்கலாம். மூன்றாவது, ஒரு சாட்சி எதைச் சொல்லத் தகுதியுள்ளவர், எதைச் சொல்ல முடியாதவர் என்று கேளுங்கள். மூக்கு ஜியோஸ்மினைச் சொல்லும், எரிவாயுவைச் சொல்லாது.

கம்போங் குவாந்தான் மின்மினிகள் முன்பு போல் இல்லை, குறைந்துவிட்டன என்று பலரும் பேசுகிறார்கள். நினைவும் ஒரு சாட்சிதான். ஆனால், ஆற்றோரத்து மரங்களைக் காப்பாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மேசையில் எண்ணிக்கைக்குத்தான் மதிப்பு. அதனால்தான் ஆய்வாளர்கள் ஆண்டுதோறும் அங்கே சென்று கணக்கெடுக்கிறார்கள்.

பள்ளி விடுமுறையில் அங்கே போகும் வாய்ப்பு கிடைத்தால் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கைப்பேசி விளக்கைப் போடாதீர்கள், பூச்சிகளுக்குத் தொந்தரவு. ஒரே மரத்தைத் தேர்ந்தெடுங்கள். நீங்களும் உங்கள் தம்பியோ தங்கையோ, வாய்விட்டுச் சொல்லாமல், பத்து வினாடியில் எத்தனை முறை மின்னுகிறது என்று மனத்துக்குள் எண்ணுங்கள். ஒருவர் மற்றவரிடம் கேட்காமல் தனித்தனித் தாளில் எழுதுங்கள். பிறகு தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு எண்ணும் நெருங்கி வந்தால், அந்தத் தாளம் உங்கள் இமையில் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். நெருங்கி வராவிட்டால் இன்னொரு முறை எண்ணுங்கள்.